கவர் நீல் யங், உள்ளுக்கு ஜிம் ரீவ்ஸ்

வாசகர் கேள்வி – பதில்

போன மாசம் இந்தப் பக்கத்தில, நீல் யங்கின்ர பழைய எல்பி றெக்கோட் சேக்கிறனான் எண்டு ஒரேயொரு வரிதான் எழுதினனான். அதுக்கு வந்த கேள்வியளைப் பாத்தா கொழும்பில பாதி வீட்டில கட்டிலுக்குக் கீழ ஒரு றெக்கோட் பெட்டி கிடக்குது போல. விசாக் கேள்வி, வீட்டுக் கூலிக் கேள்வி, மாமியார் கேள்வி எல்லாத்தையும் அடுத்த மாசத்துக்குத் தள்ளிப்போட்டு இந்தமுறை முழுக்க இதுதான், பிடிக்காத ஆக்கள் கோவிக்காதேங்கோ, ராசிபலன் ரெண்டு பக்கம் தள்ளி இருக்கு.

ஆளைத் தெரியாதவைக்கு: நீல் யங் கனடாக்காரர், 1945இல டொரண்டோவில பிறந்தவர், எங்கட சனம் அங்க போய்க் கடை திறக்க எத்தினையோ வருசம் முன்னம். தானே எழுதித் தானே பாடுற ஆள். மெல்லிசா, கொஞ்சம் மூக்கால வாற உச்சக்குரல். ஒரு றெக்கோட்டில தனிக் கிற்றாரோட தாலாட்டுவார், அடுத்ததில கிறேஸி ஹோர்ஸ் எண்ட பாண்டைச் சேத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுற அளவுக்கு அடிப்பார். சரி, கேள்விக்கு வருவம்.

அண்ணை, எனக்கு 24 வயசு. போனில கேட்டுத்தான் பழக்கம். 2022இல இவற்ற பாட்டெல்லாம் ஸ்பொட்டிஃபையில இருந்து ஒரேயடியா காணாமப் போனதில இருந்து, கையில பிடிக்கக்கூடியதா ஒண்டாவது வச்சிருக்கோணும் எண்டு ஆசை. கொழும்பில எங்க தேடுறது, எதை முதல் வாங்குறது? — ஒரு வாசகர், வெள்ளவத்தை

தம்பி, நல்ல காரணம். 2022 ஜனவரியில ஸ்பொட்டிஃபையில வந்த கோவிட் தடுப்பூசி பற்றின பிழையான கதையளால கோவிச்சுக்கொண்டு அவரே தன்ர பாட்டுகளைத் தூக்கினவர், 2024 மார்ச்சிலதான் திரும்பி வந்தவர். அந்த ரெண்டு வருசமும் என்ர வீட்டில ஒரு வித்தியாசமும் தெரியேல்ல, அதில எனக்குச் சின்னக் கர்வம் இருக்கு, மறைக்கேல்ல.

எங்க தேடுறது எண்டா, மருதானைப் பக்கம் டீ.ஆர். விஜேவர்தன மாவத்தையில இருக்கிற பழைய புத்தகக் கடையளில புத்தக அடுக்குக்குப் பின்னால சில நேரம் ஒரு கட்டு கிடக்கும், கேட்டாத்தான் எடுத்துத் தருவினம். இக்மன் இணையத்தளத்தில விளம்பரம் வரும். ஆனா என்ர அனுபவத்தில நல்ல பெட்டி எல்லாம் வந்தது வீடு காலி பண்ணுற ஆக்களிட்ட இருந்துதான். அவுஸ்திரேலியாவுக்கு, கனடாவுக்கு எண்டு போகேக்க 40 கிலோ றெக்கோட்டை ஆர் காவுவினம்? பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் பழைய பறங்கிக் குடும்பங்களின்ர வீடுகளில இருந்து வந்ததுகள் இப்பவும் கைமாறிக்கொண்டுதான் இருக்கு.

இதில ஒரு சங்கதி இருக்கு, கவனிச்சுப் பாருங்கோ. இவற்ற பேர்போன றெக்கோட்டுகள் வந்த காலம் 1970இல இருந்து 77, 78 வரைக்கும். ஆஃப்டர் த கோல்ட் ரஷ் 1970, ஹார்வெஸ்ட் 1972, ஒன் த பீச் 1974, டுநைட்ஸ் த நைட் 1975. எங்கட நாட்டில சிறிமா அம்மையாரின்ர ஆட்சி 1970 மே துவங்கி 1977 யூலை வரைக்கும், பாணுக்கே வரிசையில நிண்ட காலம், இறக்குமதி எல்லாத்துக்கும் பூட்டு. கச்சிதமா அந்த ஏழு வருசம்தான் மனிசன் உச்சத்தில நிண்டது! அதால அந்தக் காலத்து நீல் யங் றெக்கோட் இஞ்ச கிடைச்சா அது கடையில வாங்கினதா இருக்கிறது குறைவு, கப்பலில வேலை செய்தவர், லண்டனுக்குப் படிக்கப் போனவர், ஆரோ ஒருத்தர் சூட்கேசுக்குள்ள சாறத்துக்கு நடுவில வச்சுக் கொண்டுவந்தது. நான் இஞ்ச பாத்த பிரதியளில கனக்க இங்கிலாந்துப் பதிப்பு. ஹார்வெஸ்ட் எண்டா முதுகில கே 54005 எண்டு இலக்கம் இருக்கும், அமெரிக்கப் பதிப்பு எண்டா எம்.எஸ். 2032.

முதல் எதை வாங்குறது எண்டா, ஹார்வெஸ்ட் எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம், நான் ஆஃப்டர் த கோல்ட் ரஷ் எண்டு சொல்லுவன். காரணம் கீழ வருது.

கடையில பிளேயர் இல்லை, போட்டுக் கேக்க ஏலாது எண்டா நல்ல றெக்கோட்டை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? — பேர் போட வேண்டாம் எண்டு கேட்டவர், கொட்டாஞ்சேனை

முதலாவது, கவரையும் உள்ளுக்கு இருக்கிறதையும் ஒண்டெண்டு நினைக்காதேங்கோ. பத்து வருசம் முந்தி ஒரு கடையில, எந்தக் கடை எண்டு சொல்லமாட்டன், ஹார்வெஸ்ட் கவர் ஒண்டு அவ்வளவு வடிவா இருந்துது, அந்த மங்கின மஞ்சள் மட்டை, நடுவில சிவப்பு வட்டம், மூலை கூட மடியேல்ல. 1500 ரூபா. கடைக்காரர் இன்னொரு ஆளோட கதைச்சுக்கொண்டிருக்க நான் காசைக் குடுத்துப்போட்டு, விலை தெரியாம விக்கிறார் பாவம் எண்டு மனசுக்குள்ள சிரிச்சுக்கொண்டு 100ஆம் நம்பர் பஸ்ஸில ஏறி, மடியில வச்சுக் கொண்டுவந்து, கையைக் கழுவி, மனிசியைக் கூப்பிட்டு இருத்தி, ஊசியை வச்சா, ஜிம் ரீவ்ஸ் பாடுறார். ஜிம் ரீவ்ஸ் அமெரிக்கக் கன்ட்றிப் பாட்டுக்காரர், 1964இலயே விமான விபத்தில செத்துப்போனவர். மனிசி சொன்னா, "உங்கட ஆள் இண்டைக்குத்தான் வடிவாப் பாடுறார்" எண்டு.

அதால முதல் வேலை, வெளிய எடுத்து லேபிளை வாசிக்கிறது. ரெண்டாவது வேலை வெளிச்சம். கடை ரியூப்லைட்டில எல்லா றெக்கோட்டும் புதுசுதான். போன் டோர்ச்சைப் போட்டுச் சரிவாப் பிடிச்சு றெக்கோட்டை மெதுவாத் திருப்பினா மயிர்க்கீறல் எல்லாம் சிலந்தி வலை மாதிரித் தெரியும். அதுக்குப் பயப்பட வேண்டாம், கனக்கக் கேக்காது. நகத்தில தட்டுப்படுற கீறல் எண்டா மட்டும் வச்சிட்டு வாங்கோ, அது ஒவ்வொரு சுத்துக்கும் டிக், டிக் எண்டு அடிக்கும், ஒரு நிமிசத்துக்கு 33 தரம்.

பேந்து நடு ஓட்டையைப் பாருங்கோ. பிளேயரில வைக்கேக்க தண்டு ஓட்டைக்குள்ள உடன போகாம லேபிளில உரசி உரசி மெல்லிய கோடுகள் விழும். கோடு கூட இருந்தா கன தரம் போட்ட றெக்கோட். கீறலே இல்லாம ஆனா கோடு நிறைய, தவாளிப்பு (ஊசி ஓடுற பள்ளம்) மினுக்கம் போய்ச் சாம்பல் பூத்த மாதிரி இருந்தா, அது தேஞ்ச ஊசியில ஓடி ஓடி மாவான றெக்கோட், சனம் இதிலதான் ஏமாறுறது. கடைசியா கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடிச்சு விளிம்பைப் பாருங்கோ, வளைஞ்சிருந்தா தெரியும். வெயில் படுற அலுமாரியில இருந்தது எல்லாம் அப்பளம் மாதிரித்தான்.

ஹார்வெஸ்ட் போட்டுக் கேக்க வாய்ப்புக் கிடைச்சா முதல் பாட்டைக் கேக்காதேங்கோ. ரெண்டாம் பக்கம் நாலாவது பாட்டுக்குப் போங்கோ. தனிக் கிற்றாரும் குரலும் மட்டும், 1971இல ஒரு மேடையில பாடினதை அப்பிடியே பதிஞ்சது, ரெண்டு நிமிசம்தான். ஹெரோயின் ஊசியால அழியிற ஆக்களைப் பற்றின பாட்டு, கிறேஸி ஹோர்ஸின்ர கிற்றார்காரர் டனி விற்றனை நினைச்சு எழுதினது, ஹார்வெஸ்ட் வந்த அதே 1972இல அந்தப் பெடியன் போய்ச் சேந்திட்டான். ஊசியைப் பற்றின பாட்டிலதான் எங்கட ஊசி படுற பாடும் தெரியும். பின்னணியில ஒண்டும் இல்லாததால சின்னச் சரசரப்பும் ஒளிக்க இடமில்லை, அதோட நடு வட்டத்துக்குக் கிட்டப் போகப் போக தவாளிப்புக்குள்ள பதிஞ்ச அலை நெருங்கும், தேய்மானம் அங்கதான் முதல் கேக்கும். அந்தப் பாட்டு சுத்தமா இருந்தா மற்றதெல்லாம் சுத்தம், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கைதட்டல் முழுசா முடியாம அடுத்த பாட்டு வெட்டிக்கொண்டு வரும், அது பழுதில்லை, பதிப்பே அப்பிடித்தான்.

இப்ப முதல் கேள்விக்காரத் தம்பிக்குக் காரணம். ஹார்வெஸ்ட் 1972இல அமெரிக்காவில ஆகக்கூட வித்த அல்பம். வாங்கின எல்லாரும் போட்டுத் தேச்சுப்போட்டினம், கலியாண வீட்டிலயும் போட்டிருப்பினம், தண்ணிப் பாட்டியிலயும் போட்டிருப்பினம். எடுத்தவுடன பிடிக்கிற றெக்கோட் எல்லாம் பழசாக் கிடைக்கேக்க கீறலோடதான் கிடைக்கும், அதாலதான் முதல் கோல்ட் ரஷ் எண்டனான். அப்ப சனத்துக்குப் பிடிபடாத ஒன் த பீச் மாதிரி ஒண்டு ஆம்பிட்டா புதுசு மாதிரி இருக்கும், ஒருக்காப் போட்டிட்டு "என்னடா இது ஒரே சோகம்" எண்டு உள்ளுக்கு வச்சிருப்பினம். என்னட்ட இருக்கிறதில ஆகச் சுத்தமான றெக்கோட் அதுதான்.

எங்க தாத்தா வச்சிருந்த ரெக்கோட் பெட்டி ஒன்னு இருக்குங்க சார். நெறைய பூஞ்சணம் புடிச்சிருக்கு. அம்மா தேங்காய் எண்ணெய் போட்டுத் தொடைச்சா பளபளன்னு வரும்ங்கறாங்க. செய்யலாமா? — ஒரு வாசகி, மட்டக்குளி

ஐயோ, வேண்டாம்! அம்மாவை அந்தப் பெட்டிக்குக் கிட்ட விடாதேங்கோ, ஒரு பத்து நாளைக்கு. பளபளக்கும்தான், ஆனா எண்ணெய் தவாளிப்புக்குள்ள போய்த் தூசியைப் பிடிச்சுக் களியாக்கிப்போடும், பேந்து ஊசி அதுக்குள்ளதான் உழும்.

முதல் பெட்டியைப் பிரியுங்கோ. தடிப்பா, பாரமா, விழுந்தா பீங்கான் மாதிரி உடையிற றெக்கோட் இருந்தா அது 78 ஆர்பிஎம், நிமிசத்துக்கு 78 சுத்து, அரக்கில செய்தது. அதில ஸ்பிரிட், அல்கஹோல் வகை ஒண்டும் படக்கூடாது, கரைஞ்சுபோகும். எல்பி ஊசியாலயும் அதைப் போடக்கூடாது, அதின்ர தவாளிப்பு அகலம் கூட. தனியா எடுத்து வையுங்கோ.

வளையக்கூடிய எல்பி எல்லாம் பிவிசி பிளாஸ்டிக். பூஞ்சணத்துக்குப் பிளாஸ்டிக்கில பெரிய ருசி இல்லை, அது வளர்றது கைரேகை அழுக்கிலயும் கடதாசி உறையிலயும்தான். அதால உள் உறை எல்லாத்தையும், பாட்டு வரியோ படமோ அச்சடிச்சது தவிர, யோசிக்காம எறியுங்கோ, கழுவின றெக்கோட்டைத் திரும்ப அதுக்குள்ள வச்சா ரெண்டு மாசத்தில பழைய குருடி கதவைத் திறடிதான். பெற்றோல் செட்டில விக்கிற பட்டரித் தண்ணி ஒரு போத்தல் வாங்குங்கோ, அசிட் இல்லை, வெறும் தண்ணி, வடிச்ச தண்ணி, கேட்டு வாங்குங்கோ. குழாய்த் தண்ணி காஞ்சா உப்புப் படியும். அதில பாத்திரம் கழுவுற சோப் ஒரேயொரு சொட்டு. மைக்ரோஃபைபர் துணியை நனைச்சு, தவாளிப்பு ஓடுற பக்கமா வட்டமாத் துடையுங்கோ, குறுக்கால தேய்க்கக்கூடாது, லேபிள் நனையக்கூடாது. பேந்து சோப் இல்லாத தண்ணியால ஒருக்கா. கோப்பை காயவைக்கிற ஸ்டாண்டில நிப்பாட்டி ஃபானைப் போட்டு விடுங்கோ. வெயிலில வைக்கவே கூடாது. அந்தப் பெட்டித் தூசியை மூச்சில எடுக்காம மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கோ, கோவிட் காலத்து மாஸ்க் வீட்டில எங்கயாவது கிடக்கும்தானே.

மட்டைக் கவருக்குத் தண்ணி வேண்டாம், காஞ்ச துணியால துடைச்சு நிழலில காத்தாட ரெண்டு நாள். பூச்சி உருண்டை போடாதேங்கோ, சிலிக்கா ஜெல் பைக்கற் போடுங்கோ. அடுக்கேக்க புத்தகம் மாதிரி நிமித்தி, ஒண்டுக்கு மேல ஒண்டு படுக்க வச்சா கீழ இருக்கிறதில வட்டத் தழும்பு விழும். கடற்கரைப் பக்கம் வீடு எண்டா சன்னலுக்குக் கிட்ட வேண்டாம்.

இதில ஒரு பகிடி. ஹார்வெஸ்ட் கவரைப் பிரிச்ச உடன தானா உக்கிப்போற மட்டையில செய்யவேணும் எண்டுதான் நீல் யங் முதல் கேட்டவராம், கொம்பனி செலவு கூட எண்டு மறிச்சுப்போட்டுது. கொழும்பில வித்திருந்தா ஒரு செலவும் இல்லாம எங்கட ஈரக்காத்தே அவற்ற ஆசையை நிறைவேத்தியிருக்கும்.

டொரண்டோவில இருக்கிற தம்பி பழைய பிளேயர் ஒண்டு கொண்டுவந்து தந்தவன். 110 வோல்ற்றுக்கு ட்ரான்ஸ்ஃபோமரும் பூட்டியாச்சு. ஆனா நீல் யங் பாடுறது டி.எம்.எஸ். பாடுற மாதிரி இருக்கு, பாட்டும் இழுபடுது. றெக்கோட்டுதான் பழுதோ? — தெஹிவளை வாசகர்

றெக்கோட்டில பிழை இல்லை அண்ணை, பிளேயரிலயும் இல்லை, பிழை எங்கட கரண்டில, ஆனா வோல்ற்றில இல்லை. கனடாவில கரண்ட் 60 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 60 தரம் அலையும், இஞ்ச 230 வோல்ற் 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்ஃபோமர் வோல்ற்றைத்தான் குறைக்கும், ஹேர்ட்ஸை மாத்தாது. பழைய பெல்ட் பிளேயர் கனக்கத்தில மோட்டர் சுத்துற வேகம் அந்த ஹேர்ட்ஸிலதான் தொங்கிக்கொண்டிருக்கு. 33 1/3 சுத்த வேண்டியது 50/60 கணக்குக்கு 28க்கும் கொஞ்சம் குறைவாச் சுத்தும். மூண்டு நிமிசப் பாட்டு மூண்டரை நிமிசத்துக்கும் கொஞ்சம் மேல இழுபடும், சுருதி ஒண்டரைக் கட்டை போல இறங்கும். நீல் யங் மாதிரி உச்சக்குரல்காரர் அதில டி.எம்.எஸ். ஆகாம என்ன செய்வார்? டி.எம்.எஸ். றெக்கோட்டை அதில போட்டுப்பாருங்கோ, பூமிக்கு அடியில இருந்து வரும்.

மோட்டர் தண்டில இருக்கிற சின்னக் கப்பியை 50 ஹேர்ட்ஸுக்கு உரிய பெரிசா மாத்தினா சரி வரும், அந்த மொடலுக்குக் கிடைச்சா. சிலதில ரெண்டுக்கும் படி வெட்டின கப்பி இருக்கும், பெல்ட்டைக் கழட்டிப் பாருங்கோ. இல்லாட்டி லேத் வேலை தெரிஞ்ச ஆளிட்டக் குடுத்துக் கடைஞ்சு எடுக்கலாம், பஞ்சிகாவத்தைப் பக்கம் கார் சாமானுக்குக் கடையிற ஆக்களிட்ட எனக்கு ஒருக்காச் செய்து தந்தவை, "இவ்வளவு சின்னதா, எந்த வாகனத்துக்கு?" எண்டு கேட்டவர் பாஸ். டிசி மோட்டர் பிளேயர், பெல்ட் இல்லாம மோட்டரே தட்டைச் சுத்துற, குவாட்ஸ் பூட்டின டைரக்ட் டிரைவ் எண்டா இந்தக் கரைச்சலே இல்லை, வோல்ற் மட்டும் பாத்தாக் காணும். அதை விட்டிட்டுத் தட்டைக் கையால தள்ளித் தள்ளி விடாதேங்கோ, அப்பிடிச் செய்யிறன் எண்டு கடிதத்தில கடைசி வரியில எழுதியிருக்கிறீங்கள், வாசிச்சிட்டு நான் தனிய இருந்து சிரிச்சனான்.

ஊசி பாயுது எண்டு எங்கட அப்பா ஊசித் தலைக்கு மேல ஒரு ரூபாக் குத்தி வைப்பார். செய்யலாமோ? — கொள்ளுப்பிட்டி

அப்பான்ர ரேடியோகிராமில ஊசியே அஞ்சு கிராமுக்கு மேல அமத்திக்கொண்டுதான் ஓடினது, அதோட குத்தி வேற. இப்பத்தைய ஊசி அநேகமா ஒண்டரையில இருந்து ரெண்டு கிராம். குத்தி வைக்காதேங்கோ. அப்பான்ர றெக்கோட் ஏன் சரசரக்குது எண்டும் இப்ப விளங்கியிருக்கும்.

அண்ணா, என்ர இவர் ஒரே றெக்கோட்டை மூண்டு தரம் வாங்கி வச்சிருக்கிறார். கேட்டா "இது வேற, அது வேற" எண்டுறார். எனக்கு ஒரே ஆள், ஒரே தொப்பி. டொக்டரிட்டக் காட்டவேணுமோ? — ஒரு சகோதரி, பம்பலப்பிட்டி

தங்கச்சி, அவர் சொல்லுறது உண்மை. அதுவும் ஒரு வருத்தம்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்ல.

உதாரணம் சொல்லுறன். இவர் தனிய செய்த முதல் அல்பம் 1968இல வந்தது. வந்த உடன ஆளுக்குச் சத்தம் பிடிக்கேல்ல, குரல் பின்னுக்குப் போய் மூடுண்டு கிடக்கு எண்டு திரும்ப மிக்ஸ் பண்ணி 1969இல விட்டவை. முதல் வந்த கவரில முகம் மட்டும்தான், பேரே இல்லை. பேந்து வந்ததில மேல நீல் யங் எண்டு எழுதினது. அப்ப பேர் இல்லாத கவருக்குள்ள ஒரு பாட்டு, பேர் உள்ள கவருக்குள்ள அதே பாட்டு வேற மாதிரி. உங்கட இவர் ரெண்டையும் வாங்கியிருந்தா நான் அவர் பக்கம்.

லேபிளும் சொல்லும். அமெரிக்க ரிப்ரைஸ் கொம்பனியின்ர றெக்கோட்டில 60களின்ர கடைசியில லேபிள் ரெண்டு நிறம், நீராவிக் கப்பல் படம் போட்டது. 70களில அது ஒரே மங்கின மண்ணிறமா மாறிப்போச்சு. அதால கோல்ட் ரஷ் காலத்து றெக்கோட் எண்டா லேபிளைப் பாத்தே எப்ப அடிச்சது எண்டு ஓரளவுக்கு மட்டுக்கட்டலாம். பாட்டு முடிஞ்சு ஊசி சும்மா ஓடுற வெறும் வட்டத்தில கையால கீறின எழுத்து இருக்கும், எந்தத் தட்டில இருந்து அடிச்சது எண்டு அதில தெரியும். இவர் டோர்ச்சும் கையுமா அதைத்தான் வாசிக்கிறார், பயப்பட வேண்டாம்.

மூண்டாவது பிரதி ஏன் எண்டு மட்டும் கேளுங்கோ. "உள்ளுக்கு இருக்கிற தாள் கிடைச்சது" எண்டு சொன்னா மன்னிச்சு விடுங்கோ. கோல்ட் ரஷ்ஷுக்குள்ள மடிச்சு வச்ச பெரிய பாட்டுத் தாள் ஒண்டு வந்தது, ஹார்வெஸ்டுக்கும் தாள் இருக்கு, டைம் ஃபேட்ஸ் அவேக்குப் பெரிய மடிப்புத் தாள். அம்பது வருசத்தில அதுகள்தான் முதல் துலைஞ்சது. ஒன் த பீச்சில இன்னொரு கூத்து, கவரின்ர வெளிப்பக்கத்தில மஞ்சள் கோட் போட்ட ஆள் கடலைப் பாத்து முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறார், மணலுக்குள்ள கடிலாக் காரின்ர வால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கு, பக்கத்தில பூப்போட்ட குடை. பழைய பதிப்பில கவரை விரிச்சு உள்ளுக்குக் கண்ணை விட்டுப் பாத்தா, ஒருத்தரும் பாக்காத அந்த உட்புறத்தில குடையின்ர பூ டிசைன் அச்சடிச்சிருக்கு! எனக்கு வாங்கி மூண்டு வருசத்துக்குப் பிறகுதான் தெரிஞ்சது, அதுவும் கரப்பான் ஒண்டு உள்ளுக்குப் போய்.

நீல் யங்கே உங்கட இவரை விட மோசம் எண்டதையும் சொல்லவேணும். 1978இல கம்ஸ் எ டைம் அடிச்சு முடிய, மூல நாடாவில பிழை, சத்தத்தில உச்சம் குறையுது எண்டு ரெண்டு லட்சம் பிரதியைத் தானே திருப்பி வாங்கினவர். பேந்து அந்த றெக்கோட்டுகளால தன்ர பண்ணையில ஒரு கொட்டிலுக்குக் கூரை போட்டதாச் சொல்லியிருக்கிறார். ரெண்டு லட்சம், தங்கச்சி. உங்கட வீட்டில மூண்டு.

கிடைக்காத சாமான் எது? எதுக்குக் காசு கூடக் குடுக்கலாம்? — வத்தளை

டைம் ஃபேட்ஸ் அவே, 1973. மேடைக் கச்சேரி, ஆனா எல்லாம் புதுப்பாட்டு, குடியும் சண்டையுமா நடந்த ஒரு சுற்றுப்பயணம், தனக்கு அதைப் பிடிக்காது எண்டு அவரே சொல்லித் திரிஞ்சவர். 2017 வரைக்கும் சிடியில வரேல்ல. ஒன் த பீச்சும் 2003 வரைக்கும் சிடியில இல்லை. அதால கன காலம் அந்த ரெண்டையும் கேக்கவேணும் எண்டா பழைய றெக்கோட்டுதான் வழி, விலையும் அப்பிடி ஏறினது. இப்ப எல்லாம் கிடைக்குது, பதட்டப்படத் தேவையில்லை.

80களில ஜெஃபன் கொம்பனிக்குச் செய்ததுகள் எல்லாம் மலிவாக் கிடைக்கும். கொம்பியூட்டர் குரலில ஒண்டு, 50கள் ரொக்கன் ரோல் ஸ்டைலில 25 நிமிசம் மட்டும் ஓடுறது ஒண்டு, கடைசியில "நீ உன்ர மாதிரிப் பாட்டுப் பாடேல்ல" எண்டு 1983இல கொம்பனியே அவர் மேல வழக்குப் போட்டது. பாடகர் தன்னைப்போலப் பாடேல்ல எண்டு வழக்கு, கேள்விப்பட்டிருக்கிறீங்களோ? அந்த ஆதரவுக்காகவே நான் ரெண்டும் வாங்கினனான். ரெண்டாந்தரம் போடேல்ல.

இதை வாங்கி வச்சா பிறகு விலை ஏறுமோ? தங்கம் மாதிரி? — புறக்கோட்டை வியாபாரி ஒருவர்

முதலாளி, தங்கத்தையே வாங்குங்கோ.

நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்கட ஆக்களின்ர எத்தினை றெக்கோட் இருக்க, ஆரோ ஒரு வெள்ளைக்காரன்ர றெக்கோட்டுக்குப் பின்னால ஏன் திரியிறீங்கள்? இலங்கை வானொலிக் காலத்துத் தமிழ் றெக்கோட்டைச் சேக்கலாமே? — ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்கிசை

சேர், கோவம் நியாயம். அப்பாட்ட ரெண்டும் இருந்தது. கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில அடிச்ச எச்எம்வி தமிழ்ப் படப் பாட்டு ஒரு வரிசை, சித்தப்பா லண்டனில இருந்து கொண்டுவந்த ஒரு ஏழெட்டு இங்கிலீஷ், அதில ஒண்டு ஹார்வெஸ்ட். ஞாயிற்றுக்கிழமை காலமை தமிழ், பின்னேரம் இங்கிலீஷ், அப்பான்ர சட்டம் அது, மாத்தேலாது. வெள்ளவத்தையில வீடு. 83 யூலைக் கலவரத்துக்குப் பிறகு முகாமில இருந்து அப்பாவும் நானும் வீட்டைப் பாக்க வந்தனாங்கள், எனக்கு அப்ப ஒன்பது வயசு. றெக்கோட் பெட்டி இருந்த மூலையில கறுப்பா ஒரு கட்டி, சீமெந்து நிலத்தோட ஒட்டிப்போய், பனங்கட்டி உருகி இறுகின மாதிரி. அப்பா குந்தியிருந்து விளிம்பை நகத்தால கிளப்பிப் பாத்தவர். அரைவாசி லேபிள் ஒண்டு மட்டும் வாசிக்கக்கூடியதா இருந்துது, நாய்க்குட்டிப் படத்தின்ர குழாய்ப் பக்கம்.

தமிழ் றெக்கோட்டும் தேடுறன் சேர், விடேல்ல. ஞாயிறு காலமைக்கு 14 சேந்திருக்கு. அது இன்னும் கஷ்டம், ஏனெண்டா எல்லா வீட்டிலயும் போட்டுப் போட்டுத் தேஞ்சது, இல்லாட்டி அப்பிடிப் போனது. உங்களிட்ட ஏதும் இருந்தா நான் வந்து பாக்கிறன், விலைக்குக் கேக்கேல்ல, சும்மா ஒரு பின்னேரம் இருந்து கேட்டிட்டு வாறன்.

கடைசியா உங்களிட்ட இருக்கிற ஹார்வெஸ்டில ஒண்டை விக்கிறீங்களோ? — முதல் கேள்வி கேட்ட அதே வெள்ளவத்தைத் தம்பி, ரெண்டாம் கடிதம்

இல்லை. ஜிம் ரீவ்ஸ் ஒண்டு இருக்கு, கவர் இல்லை, கீறலும் இல்லை. சும்மாவே தாறன், வந்து எடுங்கோ. மனிசியைக் கேட்டிட்டு.